தண்ணீர்மலையில் கரைந்தது சுங்கை பினாங்கில் எங்கே போனது?



இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டனர். ஆலய வரலாற்றையும் ஆன்மிகக் கருத்துகளையும் எழுத என்னைவிடத் தகுதியுடையோர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திப் பணி ஓய்வு பெற்றவன். ஆகவே, எனக்குப் பழக்கமான ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பொருள் தண்ணீரில் எவ்வளவு கரைகிறது, எவ்வளவு விரைவில் கரைகிறது, கரைந்த பின் என்ன ஆகிறது என்பதே அப்பாடம். இது பள்ளிப் பிள்ளைகளின் பாடமாயிற்றே என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம் வீட்டருகே ஓடும் சுங்கை பினாங் ஆற்றின் நோயையும் அதற்குரிய மருந்தையும் புரிந்துகொள்ள இப்பாடம் அவசியம் தேவைப்படுகிறது.

ஆறும் அதன் பெயரும்

பினாங் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்று பொருள். ஆகவே சுங்கை பினாங் என்பது பாக்கு ஆறு. ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜுன், டொன்டாங், ஜெலுத்தோங் ஆகிய கிளையாறுகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு, நகருக்கும் ஜெலுத்தோங்குக்கும் இடையே இவ்வாறு கடலில் கலக்கிறது.

இவற்றுள் ஆயர் தெர்ஜுன் என்பதற்கு அருவி என்று பொருள். 1884ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் வழியாக இறங்கி வரும் நீர் இதுதான். நம் முன்னோர் இந்த அருவியை வைத்தே அவ்விடத்துக்குத் தண்ணீர்மலை என்று பெயரிட்டு அழைத்தனர். தைப்பூசத்தன்று நாம் எந்த மலையடிவாரத்தில் கூடுகிறோமோ, அந்தப் பக்கத்து நீர், குடிநீருக்கு எடுத்தது போக எஞ்சியது, நகரைக் கடந்து சுங்கை பினாங்குக்கு வந்து சேர்கிறது. மேலே தெளிந்த நீர், கீழே பல ஆண்டுகள் நாட்டின் மிகவும் மாசடைந்த ஆறுகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய நீர். இடையில் உள்ள தொலைவோ மிகக் குறைவு. இந்தச் சிறு தொலைவுக்குள் நடப்பது என்ன என்பதைக் காண்போம்.

கரைதல் வேறு, கலத்தல் வேறு

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு குவளைத் தண்ணீரில் உப்பைப் போட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் அடியில் தங்குவதில்லை. வடிகட்டினாலும் பிரிவதில்லை. இதுவே கரைதல். அதே குவளையில் திருநீற்றைப் போட்டுக் கலக்கினால் நீர் வெண்மையாகும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் திருநீறு அடியில் படிந்திருக்கும். சந்தனமும் அப்படியே. இது கலத்தலே ஒழியக் கரைதல் ஆகாது.

பால் இரண்டிற்கும் இடைப்பட்டது. பாலில் உள்ள சர்க்கரைப் பொருள் நீரில் உண்மையாகவே கரைந்திருக்கிறது. கொழுப்போ கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக மிதக்கிறது. கற்பூரத்தை எடுத்துக்கொண்டால், அது தண்ணீரில் மிகச் சிறிதளவே கரையும். தேங்காய் எண்ணெயில் நன்றாகக் கரையும். தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரத்தை ஒரு துளி சேர்த்தாலே மணம் வருவதால், அந்தச் சிறு அளவே நமக்குப் போதுமானதாகிறது. மஞ்சளின் நிறப்பொருளும் தண்ணீரைவிட எண்ணெயிலேயே எளிதில் இறங்குகிறது. இதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் மஞ்சள் தூளை எண்ணெயில் வதக்குகிறார்கள். ஆகவே எது எதில் கரையும் என்பது முதலாவதாக அந்தந்தப் பொருளின் இயல்பைப் பொறுத்தது.

எவ்வளவு கரையும்?

இரண்டாவது காரணம் வெப்பம். 20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 200 கிராம் சீனி கரையும். கொதிக்கும் நீரிலோ 480 கிராமுக்கு மேல் கரையும். உப்பின் கதை வேறு. அது 20 பாகையில் 36 கிராம் கரையும். கொதிநீரிலும் 39 கிராமைத் தாண்டுவதில்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு இவற்றுக்கு நேர்மாறானது. அது ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 2 கிராமுக்கும் குறைவாகவே கரையும். நீரைக் கொதிக்க வைத்தால் அதிலும் பாதிகூடக் கரைவதில்லை. சூடு ஏறினால் எல்லாம் அதிகமாகக் கரையும் என்ற எண்ணம் பொதுவாகச் சரியே என்றாலும், எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு விரைவில் கரையும்?

அளவு வேறு, வேகம் வேறு. இதைத் தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். பெரிய வாளியில் ஐஸ் தண்ணீரை ஊற்றி ரோஸ் நிறத்தையும் சீனியையும் சேர்த்தால் சீனி அடியிலேயே கிடக்கும். "ஐஸ் தண்ணி சீனிய ஏத்துக்காது" என்று சொல்லி, மேலும் இரண்டு கிண்ணம் சீனியைக் கொட்டுவார்கள். உண்மையில் குளிர்ந்த நீர் அதைப்போல் பல மடங்குச் சீனியை ஏற்கும். ஆனால் மெதுவாக ஏற்கும். கொட்டிய சீனியெல்லாம் பிறகு கரைந்து, கடைசியில் வரும் அன்பர்களுக்கு வாயில் வைக்க முடியாத இனிப்பாகக் கிடைக்கும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி அப்போது நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே இது சிறிய செய்தியன்று. முதல்நாளே கொஞ்சம் சுடுநீரில் சீனியைக் கரைத்துப் பாகாக வைத்துக்கொண்டால் பாதிச் சீனியே போதும்.

கரையும் வேகத்தை நான்கு காரணங்கள் கூட்டுகின்றன. ஒன்று வெப்பம். இரண்டு கலக்குதல். கரைந்த நீரை அகற்றிப் புதிய நீரைப் பொருளின் அருகில் கொண்டுவருவது அதுதான். மூன்றாவது மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள கற்கண்டுக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துகள்களாக உடைத்தால் ஆயிரம் துகள்கள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். அதாவது பத்து மடங்கு. பஞ்சாமிர்தத்துக்குக் கற்கண்டைத் தட்டிப் போட்டால் அது விரைவில் இளகுவதற்கும், முழுக்கட்டி வாயில் நெடுநேரம் நிற்பதற்கும் இதுவே காரணம். நான்காவது, நீரில் ஏற்கெனவே எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது. வெறும் நீரில் சீனி வேகமாகக் கரையும். கெட்டிப் பாகில் அதே சீனி மெல்ல மெல்லத்தான் கரையும். பசியோடு வந்தவன் முதல் சோற்றை வேகமாக உண்டு, வயிறு நிறைய நிறையக் கையைத் தளர்த்துவது போன்றதுதான் இதுவும்.

காற்றும் கரைகிறது

திடப்பொருள்கள் மட்டுமல்ல, காற்றும் தண்ணீரில் கரைகிறது. மீன் சுவாசிப்பது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத்தான். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரிலோ அதிக அளவாக 7.6 மில்லிகிராம்தான் கரைய முடியும். நாம் மூச்சுவிடும் காற்றோடு ஒப்பிட்டால் மீன் வாழும் இடம் எத்தனை ஏழ்மையானது என்று பாருங்கள்.

வாயுக்களின் விதி சீனிக்கு எதிரானது. வெப்பம் ஏற ஏற அவை குறைவாகவே கரையும். 0 பாகையில் ஒரு லிட்டர் நீர் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 20 பாகையில் அது 9.1 ஆகக் குறைகிறது. நம் ஊர் வெப்பத்தில் 7.6. கடல் நீர் கலந்தால் உப்பு காரணமாக இன்னும் குறையும். அழுத்தம் கூடினால் வாயு அதிகம் கரையும் என்பதை 1803ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி என்பவர் கண்டுரைத்தார். சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்குவது அடைத்துவைத்த அழுத்தம் நீங்குவதால்தான். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் முறையை 1888இல் ஹங்கேரி நாட்டின் லயோஷ் விங்க்லர் வகுத்தார். அதன் அடிப்படையிலான சோதனை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இப்போது தண்ணீர்மலைக்கு வருவோம். அருவி பாறையில் மோதித் துளிகளாகச் சிதறுகிறது. மேற்பரப்பு பெருகுகிறது, கலக்குதலும் நடக்கிறது. கரையும் வேகத்தைக் கூட்டும் இரண்டு காரணங்களும் அங்கே ஒருங்கே அமைந்திருக்கின்றன. ஆகவே அருவியைத் தாண்டிய நீர் தன்னால் ஏற்கக்கூடிய ஆக்சிஜனை ஏறத்தாழ முழுமையாக ஏற்றுக்கொண்டு கீழே இறங்குகிறது. சமவெளியில் வெயிலால் நீர் சூடேறினால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் குறையலாம். அவ்வளவே. நம் நாட்டு நீர்த்தரப் பிரிவின்படி 7க்கு மேல் இருப்பது முதல் வகுப்பு. 5 முதல் 7 வரை இரண்டாம் வகுப்பு. 3க்குக் கீழே இறங்கினால் நான்காம் வகுப்பு. 1க்கும் கீழே போனால் ஐந்தாம் வகுப்பு. வெப்பத்தால் மட்டும் முதல் வகுப்பு நீர் ஐந்தாம் வகுப்புக்கு இறங்காது. அப்படியானால் ஆக்சிஜனை யாரோ எடுத்துச் செலவு செய்கிறார்கள் என்று பொருள்.

ஒரு தேக்கரண்டிச் சீனியின் கணக்கு

செலவு செய்பவை பாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர்கள். நாம் ஆற்றில் விடும் எச்சில் சோறு, சாக்கடைக் கழிவு, சந்தைக் கழிவு எல்லாம் அவற்றுக்கு உணவு. அவை உண்ணும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் சீனி முழுவதும் சிதைய 1.1 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு தேக்கரண்டிச் சீனி 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் 5,500 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் நீரில் இருப்பதோ 7.5 மில்லிகிராம். ஆக, ஒரு தேக்கரண்டிச் சீனி 700 லிட்டருக்கு மேற்பட்ட நீரின் மூச்சைக் குடித்துவிடுகிறது. சீனி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து போனதால் அது இல்லாமல் போய்விடவில்லை.

பாலின் கணக்கு இன்னும் பெரியது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 100 கிராம் ஆக்சிஜன் தேவை. அது 13,000 லிட்டர் ஆற்றுநீரில் உள்ள மொத்த ஆக்சிஜனுக்குச் சமம். இருநூறு பேர் ஆளுக்கு ஒரு லிட்டர் பால் கொண்டுவந்து, அது அப்படியே கால்வாயில் இறங்கினால், 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றின் ஆக்சிஜன் முழுவதும் அதற்கே செலவாகிவிடும்.

இதை எங்கள் நிர்வாகக் கூட்டமொன்றில் நான் விளக்கியபோது, பல ஆண்டுகளாகப் பால்குடம் எடுத்துவரும் மூத்த தாயார் ஒருவர் எழுந்து, "சாமிக்கு ஊத்துன பாலு எப்படி வாத்தியாரே அழுக்காகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதை இங்கும் கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால் நான் சொன்ன பதிலையே எழுதுகிறேன். "பால் அழுக்கு இல்லை அம்மா. அது நல்ல உணவு. நல்ல உணவு என்பதால்தான் நுண்ணுயிர்கள் ஓடி வந்து தின்னுகின்றன. அவை தின்னும்போது மீனுக்கு மூச்சு இல்லாமல் போகிறது." அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா அந்த உணவ மனுசனுக்குக் கொடுக்கலாமே" என்றார். அன்றைய கூட்டத்தில் பேசப்பட்டவற்றுள் சிறந்த யோசனை அதுவே என்பது என் கருத்து.

ஆற்றைக் கெடுத்தது பால்தான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வீட்டுக் கழிவு, சந்தை, உணவுக்கடை, பட்டறை என்று பல பக்கங்களிலிருந்தும் பல்லாண்டுகளாகச் சேர்ந்த சுமை அது. அதில் நம் பங்கு சிறியதாகவே இருக்கலாம். ஆயினும் நம் கையில் இருக்கும் பங்கு அதுதான்.

ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துவிட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. அவை ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் அதனுடையது. அது நீரில் கரையக்கூடியது. வெயிலேறி நீர் சூடாகும்போது கரையும் அளவு குறைவதால் வெளியேறி நம் மூக்கைத் தாக்குகிறது. அதே வாயு சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்பைடு ஆகிறது. இது நீரில் கரையாத கரும்பொருள். கெட்ட ஆறு கறுப்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆற்றின் நிறமும் நாற்றமும்கூட இப்பாடத்துக்குள்ளேயே அடங்குவதைப் பாருங்கள்.

ஆறு மீண்டும் மூச்சு வாங்கும் வழி

ஆறு தானாகவே தேறும் ஆற்றலும் உடையது. முன்பு கூறிய நான்காவது காரணத்தை நினைவுகூருங்கள். நீரில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அவ்வளவு வேகமாகக் காற்றிலிருந்து புதிய ஆக்சிஜன் உள்ளே கரையும். நுண்ணுயிர்கள் எடுக்கும் வேகத்தையும் காற்று கொடுக்கும் வேகத்தையும் எதிரெதிரே வைத்து, ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற அமெரிக்கர் இருவர் 1925இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டனர். செலவு வரவைவிட மிகுந்தால் ஆறு நோயுறும். வரவு மிகுந்தால் தேறும். நம் குடும்ப வரவு செலவுக் கணக்குப் போன்றதே.

ஆனால் சுங்கை பினாங் சமநிலத்தில் மெல்ல ஓடும் ஆறு. ஏற்றநீர் வரும்போது கடல்நீர் உள்ளே ஏறி அதன் ஓட்டத்தை மேலும் தடுக்கிறது. அருவியில் கிடைத்த மேற்பரப்பும் கலக்குதலும் இங்கே இல்லை. எண்ணெய் மேலே படலமாகப் பரவினால் காற்று உட்புகும் வழியும் குறைகிறது. ஆகவே வரவைக் கூட்டுவது அரிது. செலவைக் குறைப்பதே நம்மால் இயன்றது.

ஜெலுத்தோங்கில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இதே பாடத்தைத்தான் இயந்திரங்கள் செய்கின்றன. தொட்டியின் அடியிலிருந்து காற்றைக் குமிழிகளாகச் செலுத்துகிறார்கள். பெரிய குமிழியைவிடச் சிறு குமிழிகளுக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் ஆக்சிஜன் விரைவில் கரைகிறது. நுண்ணுயிர்கள் ஆற்றில் உண்ண வேண்டியதை அங்கேயே உண்டு தீர்க்கின்றன. இங்கே ஒரு முக்கியமான செய்தியைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. குழாயில் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. வீட்டுக்கு முன்னே திறந்திருக்கும் கால்வாயில் விழுவதோ எந்தச் சுத்திகரிப்பும் இன்றி ஆற்றுக்குச் செல்கிறது. இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் நம்மிடையே பலர்.

நாம் செய்யக்கூடியவை

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு, பக்தர்களுக்கும் ஆலயங்களை நடத்துவோருக்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன்.

பால் அபிஷேகத்துக்குக் கொண்டுவரும் அளவைச் சிறு செம்பளவாகக் குறைத்துக்கொள்ளலாம். பக்தி அளவால் குறைவதில்லை. திறக்காத பால் பெட்டிகளைத் தனியே வாங்கி வைத்து, முதியோர் இல்லங்களுக்கும் பிள்ளைகள் இல்லங்களுக்கும் அனுப்பலாம். அபிஷேகம் ஆன பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து அன்றே பிரசாதமாக வழங்கலாம். எஞ்சியதைத் திறந்த கால்வாயில் விடாமல் கழிவுநீர்க் குழாயில் சேருமாறு வழி அமைக்க வேண்டும். உங்கள் ஆலயத்தின் அபிஷேக நீர் எங்கே போகிறது என்று ஒருமுறை நேரில் நடந்து சென்று பார்த்துவிடுங்கள்.

அன்னதானக் கூடத்தில் பாத்திரம் கழுவுமுன் எஞ்சிய சாம்பார், பாயசம், சோறு ஆகியவற்றை வழித்தெடுத்துத் தனியே போட வேண்டும். விளக்கெண்ணெயும் சமையல் எண்ணெயும் தண்ணீரில் கரையா. சவர்க்காரம் போட்டால் கரைந்தது போல் தோன்றும். அது சிறு துளிகளாகப் பிரிந்திருக்கிறதே தவிர மறைந்துவிடவில்லை. ஆகவே எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து வைத்து அப்புறப்படுத்துவதே முறை. கழுவுமிடத்தில் எண்ணெய் பிடிக்கும் தொட்டி ஒன்று அமைக்க நன்கொடை தர யாரேனும் முன்வந்தால், கோபுரத்துக்குத் தரும் நன்கொடைக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று.

பூமாலைகளையும் இலைகளையும் ஆற்றிலோ கால்வாயிலோ விடாமல் உரக்குழியில் இட்டால் நந்தவனத்துக்கு ஆகும். தண்ணீர்ப் பந்தலுக்குச் சீனியை முதல்நாளே பாகாக்கிக்கொள்ளுங்கள். மீந்த பானத்தைச் சாலையோரக் கால்வாயில் கவிழ்க்க வேண்டாம். ஒரு வாளிப் பானத்தில் எத்தனை தேக்கரண்டிச் சீனி இருக்கும் என்பதை மேலே கண்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இக்கட்டுரையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முழுக் கற்கண்டு ஒன்றும், பொடித்த கற்கண்டு கொஞ்சமும், ஐஸ் தண்ணீர் ஒரு குவளையும், சுடுநீர் ஒரு குவளையும் இருந்தால் போதும். எது முதலில் கரைகிறது என்று அவர்களே கடிகாரம் பார்த்துச் சொல்லட்டும். சுடுநீரைப் பெரியவர்கள் ஊற்றிக்கொடுங்கள். பிறகு அவர்களை ஒரு நாள் காலையில் தண்ணீர்மலை அருவிப் பக்கமும், அன்று மாலையே சுங்கை பினாங் பாலத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டும் ஒரே நீர் என்று சொல்லிவிட்டு, ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்வியை அவர்களே கேட்கும்வரை காத்திருங்கள்.